காயலாங்கடை சாமான்ல அசையுற சிற்பம் செய்யறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வர்றவங்க, காலேஜ் பசங்க, பக்கத்துத் தெரு குழந்தைங்க, வெல்டிங் பட்டறைக்காரங்கன்னு எல்லாரும் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்களை ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் இருக்கறது கோயமுத்தூர், அதனால இங்க கிடைக்கிற சாமானை வெச்சுத்தான் பேசுவேன், உங்க ஊர்ல வேற கிடைக்கலாம், முறை ஒண்ணுதான்.

அசையுற சிற்பம்னா என்னங்க? பொம்மைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சிற்பத்துல உருவம் முக்கியம், இதுல அசைவு முக்கியம். காத்து அடிச்சு அசையலாம், கையால சுத்தலாம், மோட்டார் போடலாம், தண்ணி விழுந்து அசையலாம். பொம்மைக்கும் இதுக்கும் நடுவுல பெரிய சுவர் எதுவும் இல்லைங்கறதுதான் என் எண்ணம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கோங்க, அடி உருண்டையா, கனமா இருக்கறதால எப்படித் தள்ளினாலும் தானா எழுந்து நிக்குது, மோட்டார் இல்ல, ஸ்பிரிங் இல்ல, எடையை எங்க வெச்சோங்கறது மட்டும்தான் விஷயம். நுங்கு தின்னுட்டுத் தூக்கிப்போட்ட ரெண்டு காயை ஒரு குச்சியில கோத்து, கவட்டைக் குச்சியால தள்ளிட்டு ஓடுவோமே நுங்கு வண்டி, அது தூக்கிப்போட்ட பொருள்ல செஞ்ச அசையுற பொருள்தானே. நம்ம ஊர்ப் பிள்ளைங்க யாரும் சொல்லிக்குடுக்காமலே செஞ்ச வேலை அது.

என்கிட்ட யாராவது நல்ல உதாரணம் கேட்டா நான் கோயிலுக்குத்தான் அனுப்புவேன். பல கோயில்ல தீபாராதனை நேரத்துல தானா மேளமும் மணியும் அடிக்கிற மெஷின் இருக்கும் பாருங்க, ஒரு மோட்டார், ஒரு சுத்துற தண்டு, தண்டுல துருத்திட்டு இருக்கிற முளைங்க, ஒவ்வொரு முளையும் ஒரு குச்சியோட வாலை அமுக்கி விட்டதும் குச்சி தோல்ல போய் அடிக்குது. சுவாமியைக் கும்பிட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் அது பக்கத்துல நின்னு எந்த முளை எந்தக் குச்சியைத் தூக்குதுன்னு பாருங்க, பாதிப் பாடம் அங்கேயே முடிஞ்சுடும்.

இதை முதல்ல யாரு பண்ணினாங்க? பார்த்துக் கத்துக்க யாரெல்லாம் இருக்காங்க?

1913-ல பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் ஒரு சைக்கிள் சக்கரத்தை ஸ்டூல் மேல தலைகீழா மாட்டி வெச்சார், கையால சுத்தி விட்டா சுத்தும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அமெரிக்காக்காரர் அலெக்ஸாண்டர் கால்டர் கம்பியும் தகடும் வெச்சுத் தொங்கி அசையுற சிற்பங்களைப் பண்ணினார், அதுக்கு 'மொபைல்'னு பேரு வெச்சதும் துஷாம்தான், 1931-ல.

ஆனா காயலாங்கடை சாமானுக்குன்னு பார்த்தா ஜான் டிங்லிதான் நான் எப்பவும் போய் நிக்கிற ஆளு. சுவிட்சர்லாந்துக்காரர், 1925-ல பிறந்து 1991-ல இறந்தார். 1960 மார்ச் 17-ம் தேதி நியூயார்க் நவீன கலை மியூசியத்தோட தோட்டத்துல ஒரு பெரிய மெஷினை நிறுத்தினார், குப்பைமேட்டுல பொறுக்கின சைக்கிள் சக்கரங்க, ஒரு பழைய பியானோ, குளிக்கிற தொட்டி, மோட்டாருங்கன்னு எல்லாத்தையும் சேர்த்து வெள்ளை பெயிண்ட் அடிச்சது. அதோட வேலை தன்னைத்தானே உடைச்சுக்கறது. அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த எஞ்சினியர் பில்லி க்ளூவர் உதவி பண்ணினார். 27 நிமிஷம் ஓடுச்சு, பியானோ தீப்பிடிச்சு எரிஞ்சுது, கடைசியில தீயணைப்பு ஆளு வந்துதான் அணைச்சார். அது பிளான் பண்ணின மாதிரி முழுசா ஓடலைன்னாலும் டிங்லிக்கு அதுல வருத்தம் இல்ல, ஏன்னா மெஷினுக்கும் ஒரு சுபாவம் உண்டுன்னு அவர் நம்பினார், நானும் நம்பறேன்.

அவரோட இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். சுவிட்சர்லாந்துல பாசெல் ஊர்ல பழைய தியேட்டரை இடிச்ச இடத்துல 1977-ல ஒரு நீரூற்று பண்ணினார், தண்ணித் தொட்டிக்குள்ள 10 இரும்பு உருவங்க நின்னு தண்ணியை அள்ளுது, சலிக்குது, பீய்ச்சுது. அந்த உருவங்கள்ல இடிச்ச தியேட்டரோட மேடை சாமானுங்களையே சேர்த்திருக்கார். ஆடின மேடை போன பிறகும் அதோட இரும்பு அங்கயே நின்னு ஆடிட்டு இருக்கு. பழைய பொருள்ல செய்யறதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியல.

டச்சுக்காரர் தியோ யான்சென் 1990-லருந்து வயரிங் பண்ற மஞ்சள் பிளாஸ்டிக் பைப்ல கடற்கரையில காத்துல நடக்குற மிருகங்களைப் பண்றார், அந்தக் காலோட அளவுங்க 11 எண், அதை வெளிப்படையாவே குடுத்துட்டார், யார் வேணும்னாலும் எடுத்துப் பண்ணலாம். நம்ம நாட்டுல குப்பையிலருந்து விளையாட்டுச் சாமான் பண்றதுக்கு அர்விந்த் குப்தா இருக்கார், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வெச்சு அவர் பண்ற வேலையைக் குழந்தையோட உக்காந்து செஞ்சு பாருங்க.

சாமான் எங்க கிடைக்கும்?

முதல்ல உங்க வீட்டுப் பரண்ல. ஓடாத டேபிள் ஃபேன், உடைஞ்ச குடை, பழைய தையல் மெஷின், இட்லித் தட்டு. அடுத்தது சைக்கிள் கடை, அங்க ஒரு மூலையில பழைய ரிம், ஹப், செயின், பெடல் குவிஞ்சு கிடக்கும், நல்லாப் பேசினா அள்ளிக் குடுத்துடுவாங்க. ஃபேன் காயில் கட்டற கடையில பழைய பேரிங் கிடைக்கும். சீலிங் ஃபேன் பேரிங் பெரும்பாலும் 6202, 6201-னு நம்பர் போட்டிருக்கும், 6202-னா உள்ஓட்டை 15 மில்லி, 6201-னா 12 மில்லி, அதுக்குத் தகுந்த கம்பியைத் தேடிக்கலாம். கோவையில உக்கடம் பழைய இரும்புக் கடைங்க, சென்னையில வண்டி பாகத்துக்குப் புதுப்பேட்டை, மோட்டார், ஒயர், எலக்ட்ரானிக் சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். பெரும்பாலும் எடைக்குத்தான் போடுவாங்க.

கடையில எப்படிப் பொறுக்கறதுங்கறதுதான் பெரிய விஷயம். அழகா இருக்கறதை எடுக்காதீங்க, ஆடறதை எடுங்க. நான் ஒவ்வொண்ணையும் கையில எடுத்துச் சுத்திப் பார்ப்பேன், காதுகிட்ட வெச்சுக் குலுக்குவேன், மடக்க முடிஞ்சா மடக்கி விரிப்பேன். ஒரு தடவை மணிக்கணக்கா உடைஞ்ச குடையையே விரிச்சு மடக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு கடைக்கார அக்கா, "ஏங் கண்ணு, மழையே இல்லையே, அத வெச்சு என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டாங்க. அந்தக் குடைதான் அப்புறம் கொக்காச்சு, அந்தக் கதையைக் கீழ சொல்றேன். ஒரு பொருள்ல ஏற்கெனவே ஒரு அசைவு இருக்கும், அதைக் கண்டுபிடிச்சிட்டு அதுக்கு மேல உருவத்தைக் கட்டுங்க. யானை பண்ணணும்னு முடிவு பண்ணிட்டு யானைக்காலுக்கு இரும்பு தேடிப் போறவங்க செத்த யானையோடதான் திரும்பி வர்றாங்க.

எதையெல்லாம் தொடவே கூடாது?

இதைத் தயவுசெஞ்சு முழுசாப் படிங்க. மைக்ரோவேவ் அவனைப் பிரிக்காதீங்க, பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல 2000 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம், ஒரே அடியில உயிர் போயிடும். அதுல தட்டைச் சுத்தற சின்ன மோட்டார் நமக்கு ரொம்ப உபயோகமானதுதான், ஆனா அதை ரிப்பேர் கடைக்காரர்கிட்ட கழட்டித் தரச் சொல்லி வாங்குங்க. பழைய பெட்டி டிவியும் அப்படித்தான். மூடின டிரம், பெயிண்ட் டின், பெட்ரோல் டேங்க் இதையெல்லாம் கட்டிங் வீல்லயோ கேஸ்லயோ அறுக்காதீங்க, காலியா இருந்தாலும் உள்ள ஆவி நிக்கும், வெடிக்கும். கார் ஏர்பேக் இருக்கிற ஸ்டீயரிங்கைப் பிரிக்காதீங்க. ஷாக் அப்சார்பர், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், ஸ்ப்ரே டின் எல்லாத்துலயும் அழுத்தம் இருக்கும். பழைய பிரேக் ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தேய்க்காதீங்க. உடைஞ்ச டியூப் லைட்ல பாதரசம். ஜிங்க் பூசின ஜிஐ பைப்பை அப்படியே வெல்ட் பண்ணினா ஜிங்க் புகை வரும், சாயந்திரம் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும், பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு வெளிக்காத்துல நின்னு பண்ணுங்க.

நான் இதுவரை ஒண்ணும் செஞ்சதில்ல, எதுல ஆரம்பிக்கட்டும்?

தொங்கற மொபைல்ல. மோட்டார் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பழைய ஸ்பூன், கரண்டி, சாவி, சைக்கிள் ஸ்போக் கம்பி, நூல், ஒரு கொறடு போதும். ஒரே ஒரு ரகசியம், கீழேருந்து மேல கட்டணும். கடைசிக் கம்பியை முதல்ல கட்டி, ரெண்டு முனையிலயும் சாமானைத் தொங்கவிட்டு, கம்பியை விரல் மேல வெச்சு எங்க நேரா நிக்குதோ அங்க நூல் கட்டுங்க, அது மொத்தமும் இப்போ ஒரே எடை, அதை அடுத்த கம்பியோட ஒரு முனையில மாட்டுங்க. கணக்கு சுலபம்: 100 கிராம் கரண்டி 30 சென்டிமீட்டர் தூரத்துல இருந்தா, அந்தப் பக்கம் 300 கிராம் பூட்டு 10 சென்டிமீட்டர்ல இருக்கணும், எடையும் தூரமும் பெருக்கினா ரெண்டு பக்கமும் சமம். காய்கறிக்காரர் தராசை விட்டு வேற ஒண்ணும் இல்ல. மேலேருந்து ஆரம்பிச்சவங்க எல்லாரும் நடுராத்திரி வரைக்கும் முடிச்சை அவுத்துக் கட்டிட்டு இருப்பாங்க.

வெல்டிங் தெரியாதே?

வேண்டியதே இல்ல. போல்ட் நட்டு, கட்டுக்கம்பி, ஹோஸ் கிளாம்ப், பாப் ரிவெட் இதுலயே என் பாதி வேலைங்க நிக்குது. சொல்லப்போனா ஆரம்பத்துல வெல்ட் பண்ணவே கூடாதுன்னு சொல்வேன், ஏன்னா அசையுற வேலையில முதல் தடவையே சரியா அமையாது, ரெண்டு மில்லி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தணும், வெல்ட் பண்ணிட்டா அறுக்கத்தான் வேணும். ஓட்டையை வட்டமாப் போடாம நீளவாக்குல போட்டு போல்ட் மாட்டினா தள்ளித் தள்ளிப் பார்க்கலாம், எல்லாம் ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆன பிறகு வேணும்னா வெல்ட் பண்ணிக்கோங்க. அசையுற மூட்டுல ரெட்டை நட்டு போட்டு ஒண்ணோட ஒண்ணு இறுக்குங்க, ஒத்தை நட்டு அதிர்வுல கழண்டு விழும்.

எந்த மோட்டார் போடலாம்?

மிக்ஸி மோட்டாரை எடுத்துட்டு வர்றவங்கதான் அதிகம். வேண்டாம். அது நிமிஷத்துக்கு 18000 சுத்து சுத்தற ரகம், சத்தம், சூடு, பார்க்குறவங்க கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

எனக்குப் பிடிச்சது கார், வேன் வைப்பர் மோட்டார். 12 வோல்ட், உள்ளேயே வார்ம் கியர், அதாவது திருகு மாதிரி தண்டு ஒரு பல்சக்கரத்தை மெதுவா ஓட்டற கியர் இருக்கு, நிமிஷத்துக்கு 40-லருந்து 70 சுத்துக்குள்ள வரும், இழுவை நல்லா இருக்கும், விட்டா பின்னாடி சுத்தாது. ரெண்டு வேகத்துக்கு ரெண்டு ஒயர் இருக்கும், மெதுவான ஒயரை எடுத்துக்கோங்க. சிலதுல மோட்டார் பாடியே மைனஸா இருக்கும், அதனால இரும்பு ஃபிரேம்ல மாட்டறப்போ கவனிங்க. கரண்டுக்கு பழைய கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்கற டப்பா, எஸ்எம்பிஎஸ், அது போதும், பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் சேர்த்தா ஆன் ஆகும், மஞ்சள் ஒயர்ல 12 வோல்ட், கருப்பு மைனஸ். டப்பாவைத் திறக்காதீங்க. வேகத்தைக் குறைக்க 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒண்ணு ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா குடுப்பாங்க.

சின்ன வேலைக்கு மேல சொன்ன மைக்ரோவேவ் தட்டு மோட்டார், நிமிஷத்துக்கு அஞ்சாறு சுத்துதான், சிலது நேரா 230 வோல்ட், சிலது 21 வோல்ட், மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டுக் குடுங்க. டேபிள் ஃபேனோட பின்பக்கத்துல தலையைத் திருப்பற குட்டி கியர் பெட்டி இருக்கும், அதை விட்டுடாதீங்க, அது அப்படியே ஒரு முழு சிற்பத்துக்கான ஆட்டம், தலையை மெல்லத் திருப்பிப் பார்த்துட்டுத் திரும்பறது. நான் அது மேல ஒரு எவர்சில்வர் குடத்தைக் கவுத்து வெச்சேன், வீட்டுக்கு வந்த எல்லாரும் அது தங்களைத்தான் பார்க்குதுன்னாங்க.

வேகத்தை இன்னும் குறைக்கணும்னா?

சைக்கிள்ல பெரிய பல்சக்கரம் பெடல்கிட்ட, சின்னது பின்சக்கரத்துல. நாம தலைகீழா மாட்டணும், சின்னது மோட்டார்ல, பெரியது சிற்பத்துல. 18 பல் 44 பல்லை ஓட்டினா வேகம் கிட்டத்தட்ட 2.4 மடங்கு குறையும், இப்படி ரெண்டு கட்டம் வெச்சா ஆறு மடங்கு. பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல், ஒரு பக்கம்தான் இழுக்கும், மறுபக்கம் கிர்ருன்னு நழுவும், எந்தப் பக்கம்னு பார்த்து மாட்டுங்க. தையல் மெஷின் பெல்ட், பெரிய சக்கரம், சின்ன சக்கரம், அதுவும் அருமையா வேலை செய்யும், சத்தம் இருக்காது.

இதோட எல்லை எதுன்னு பார்க்கணும்னா ஆர்தர் கான்சன்னு ஒரு அமெரிக்க சிற்பி செஞ்சதைத் தேடிப் பாருங்க. ஒரு மோட்டார் நிமிஷத்துக்கு 200 சுத்து, அதுக்கு அடுத்து 12 ஜோடி வார்ம் கியர், ஒவ்வொரு ஜோடியும் வேகத்தை 50-ல ஒண்ணாக் குறைக்குது, கடைசி கியர் கான்கிரீட் கட்டிக்குள்ள புதைஞ்சு நிக்குது. மோட்டார் ஜாலியா ஓடிட்டே இருக்கு. ஏன்னா கடைசி கியர் ஒரு முழு சுத்து சுத்தி முடிக்க 2 லட்சம் கோடி வருஷத்துக்கு மேல ஆகும். முதல் தடவை அதைப் பார்த்தப்போ நான் ரொம்ப நேரம் பேசல.

சுத்தறதை எப்படி மேல கீழ ஆடறதா, தலையாட்டறதா மாத்தறது?

மூணு வழி பழகினா போதும். ஒண்ணு, கோயில் மேள மெஷின்ல பார்த்தோமே, முளை வந்து தூக்கி விடறது, டக்குனு விழணும்னா அது. ரெண்டாவது, நடுவுல ஓட்டை போடாம ஓரமா ஓட்டை போட்ட வட்டம், அதாவது கேம், மெதுவா ஏறி மெதுவா இறங்கும், பழைய மரப்பலகை, நைலான் கட்டிங் போர்டு, எதை வேணும்னாலும் வட்டமா வெட்டிக்கலாம்.

மூணாவது கிராங்க். இதுக்கு அம்மாவோட கால் தையல் மெஷினுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க. பெடல் மேல கீழ ஆடுது, ஒரு கம்பி அந்த ஆட்டத்தைச் சக்கரத்துல சுத்தா மாத்துது. நாம அதையே திருப்பிப் போடறோம், சுத்தைக் குடுத்து ஆட்டத்தை வாங்கறோம். மிதிக்கறப்போ சில சமயம் சக்கரம் ஒரு இடத்துல போய் நின்னுடும், கையால தள்ளி விட்டாத்தான் நகரும், ஞாபகம் இருக்கா? கம்பியும் சக்கரத்தோட மையமும் ஒரே கோட்டுல வந்து நிக்கிற இடம் அது. கனமான சக்கரம் இருந்தா ஓடற வேகத்துல அந்த இடத்தைத் தாண்டிடும். கிராங்க் எவ்வளவு தூரம் தள்ளும்னா, மையத்துலருந்து முளை வரைக்கும் இருக்கிற தூரத்தோட ரெண்டு மடங்கு.

நாலு கம்பியை மூட்டு மூட்டா ஒரு கட்டம் மாதிரி சேர்க்கறீங்கன்னா ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கோங்க: குட்டையான கம்பி நீளத்தையும் ரொம்ப நீளமான கம்பி நீளத்தையும் கூட்டுங்க, அது மத்த ரெண்டோட கூட்டலைவிடக் குறைவா இருந்தாத்தான் குட்டைக்கம்பி முழுசாச் சுத்தும். 4, 9, 10, 12 சென்டிமீட்டர்னா 16-ம் 19-ம், ஓடும். அட்டையில வெட்டி குண்டூசி குத்திப் பார்த்துட்டு அப்புறம் இரும்புக்குப் போங்க.

அந்தக் குடைக் கொக்கை எப்படிப் பண்ணினீங்க?

இதை நிறையப் பேர் கேக்கறாங்க, அதனால விவரமாவே சொல்றேன். பழைய நீளக் கைப்பிடி கருப்புக் குடை, துணி கிழிஞ்சது. தண்டுல ஒரு வளையம் மேல கீழ ஓடும், அதை மேல தள்ளினா 8 கம்பியும் விரியும், கீழ இழுத்தா மடங்கும். அந்த விரியறதுல ஏற்கெனவே ஒரு பறவை இருந்துச்சு, நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கம்பியை எடுத்துட்டேன், பக்கத்துக்கு மூணு மூணு மிச்சம், அதுதான் ரெக்கை. தண்டுல வளையத்தைப் பூட்டறதுக்குச் சின்ன ஸ்பிரிங் தகடு மேலயும் கீழயும் துருத்திட்டு இருக்கும், அதை அரத்தால ராவி உள்ள அமுக்கிட்டேன், இல்லேன்னா வளையம் போய்ப் பூட்டிக்கும்.

வளையம் 12 சென்டிமீட்டர் ஓடினா ரெக்கை அடிக்கிற மாதிரி இருந்துச்சு, அதனால வைப்பர் மோட்டார்ல 6 சென்டிமீட்டர் கிராங்க். கிராங்க்கையும் வளையத்தையும் ஒரு சைக்கிள் ஸ்போக்கால சேர்த்தேன். ஓட விட்டேன். இழுக்கறப்போ நல்லா இழுத்துச்சு, தள்ளறப்போ ஸ்போக் வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுடுச்சு. மெல்லிசு கம்பி இழுவைக்கு எவ்வளவு வேணும்னாலும் தாங்கும், தள்ளலுக்குத் தாங்காதுங்கறதை நான் அன்னிக்குத்தான் கையால கத்துக்கிட்டேன். பழைய கம்பி பிரேக் சைக்கிள் இருக்குமே, ஹேண்டில்லருந்து கீழ போற அந்த தடி கம்பியைக் கழட்டி மாட்டினேன், சரியாச்சு.

அடுத்த பிரச்சனை, ரெக்கை ஏறறப்போ மோட்டார் முனகுது, இறங்கறப்போ தடால்னு விழுது. எடை பூரா ஒரு பக்கத்துல. சைக்கிள் ட்யூபை நீளமா ரெண்டு பட்டையா வெட்டி, வளையத்தை மேல இழுத்துப் பிடிக்கிற மாதிரி தண்டோட உச்சியில கட்டினேன், ரெக்கையோட எடையை ரப்பர் தாங்கிக்கிச்சு, மோட்டாருக்கு ஆட்டற வேலை மட்டும்தான். அதுக்கப்புறம் வேகம். நிமிஷத்துக்கு 40-ல அது கோழி மாதிரி படபடத்துச்சு, 25-ல பரவாயில்ல, 15-க்கு வந்ததும் உக்கடம் குளத்து மேல சாயந்திரம் போற கொக்கு அப்படியே வந்து நின்னுது. கழுத்து ஒரு பழைய ஷவர் ஹோஸ், அலகு ரெண்டு ஸ்பூன் காம்பு, துணி போடவே இல்ல. வெறும் கம்பிலயே எல்லாரும் கொக்குன்னு சொல்லிட்டாங்க, குழந்தைங்க முதல்ல சொன்னாங்க.

ஓடிட்டு இருந்தது நின்னுடுது, சிக்குது, என்ன பண்றது?

மோட்டாரைப் பெருசாக்காதீங்க. பத்துல எட்டு தடவை கோளாறு உராய்வுதான். மோட்டாரைக் கழட்டிட்டு விரல் ஒண்ணால மெதுவாச் சுத்திப் பாருங்க, எங்க இறுகுதோ அங்க சாக்பீஸ்ல குறி போடுங்க, ரெண்டு மூணு தடவையும் அதே இடம்னா ஏதோ வளைஞ்சிருக்கு இல்ல இடிக்குது, இடம் மாறி மாறி இறுகினா பேரிங்ல மண்ணு. ஒரு தண்டுக்கு ரெண்டு பேரிங் வெச்சு அது ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இல்லேன்னா எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இறுகும், அதுக்கு ஒரு பேரிங்கைத் தளர்வா போல்ட் பண்ணி, தண்டைச் சுத்திக்கிட்டே இறுக்குங்க, அதுவா நேர்ல வந்து உக்காந்துக்கும். இரும்போட இரும்பு உரசவே விடாதீங்க, நடுவுல பித்தளை வாஷரோ, தண்ணி பாட்டில் மூடியில வெட்டின பிளாஸ்டிக் வாஷரோ போடுங்க. எண்ணெய் தேங்காய் எண்ணெய் கூடாது, ரெண்டு மாசத்துல கெட்டியாகி பசையாயிடும், தையல் மெஷின் எண்ணெய் விடுங்க.

காத்துல ஓடற மாதிரி மொட்டை மாடியில வைக்கலாமா?

தாராளமா. எண்ணெய் டின்னை நெட்டுவாக்குல ரெண்டாப் பிளந்து, ரெண்டு பாதியையும் எஸ் எழுத்து மாதிரி எதிரெதிரா, நடுவுல கொஞ்சம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற மாதிரி நிறுத்தி ஒரு தண்டுல மாட்டினா எந்தப் பக்கக் காத்துக்கும் சுத்தும். ஃபின்லாந்துக்காரர் சவோனியஸ் 1920-கள்ல கண்டுபிடிச்ச அமைப்பு. மெதுவாத்தான் சுத்தும், ஆனா இழுவை இருக்கும், சின்னப் பொம்மைங்களை ஆட்டலாம். டின்னைப் பிளக்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து நல்லாக் கழுவிட்டு, தகடு வெட்டற கத்திரியால வெட்டுங்க.

காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்காகும், இதை மறந்துடக் கூடாது. எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து சாதாரணம் இல்ல, அம்மியே பறக்கும்னு சும்மா சொல்லல. சித்திரையில அழகா ஆடினதை ஆனியிலேயே கழட்டி வெச்சுடுங்க, இல்லேன்னா ஒரு கயித்தால கட்டி நிறுத்தற வசதி வைங்க. கீழ தெருவுல ஆள் போற இடம்னா ஒவ்வொரு தகட்டுக்கும் ரெண்டாவதா ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டாயம்.

துருவை எடுக்கணுமா? பெயிண்ட் அடிக்கணுமா?

அசையுற இடத்துல எடுத்தே ஆகணும். மத்த இடத்துல உங்க இஷ்டம். நான் அடிக்கறதில்ல, குடைக்கம்பி குடைக்கம்பியாத் தெரியணும், அப்போதான் அது கொக்காவும் தெரியறப்போ மனசு துள்ளும். வெளியில வைக்கறதுக்கு மட்டும் கம்பி பிரஷ்ல தேய்ச்சு மேட் கிளியர், அதாவது நிறமும் பளபளப்பும் இல்லாத பூச்சு, அடிச்சு விடுவேன்.

காட்சிக்கு வெக்கச் சொல்றாங்க, எதைப் பார்த்துக்கணும்?

ஒரு காலேஜ்ல கொக்கை வெச்சிருந்தேன். பத்து நிமிஷம் ஓட்டினா பத்து நிமிஷம் நிறுத்துங்கன்னு எழுதியே ஒட்டியிருந்தேன், ஆனா காலையில போட்ட சுவிட்சை சாயந்திரம் வரைக்கும் யாரும் அணைக்கல. வைப்பர் மோட்டார் மழைக்கு ஓட்டறதுக்குன்னு செஞ்சது, நாள் முழுக்க இழுக்கறதுக்கு இல்ல, காயில் கருகி ஹால் முழுக்க வாசம். எனக்கு ரொம்ப வலிச்சுது. அதுலருந்து சுவிட்சே வைக்கறதில்ல, அமுக்கு பட்டனும் டைமரும்தான், வர்றவங்க அமுக்கினா 40 செகண்ட் ஓடும், தானா நிக்கும். அவங்க கையால உயிர் குடுத்த மாதிரி அவங்களுக்கும் சந்தோஷம், நிறையப் பேர் மறுபடி அமுக்கறதுக்காகக் காத்துட்டு நிக்கறாங்க. 12 வோல்ட்டுக்கு மேல எதையும் பொது இடத்துல திறந்து வைக்காதீங்க, ஃபியூஸ் போடுங்க, செயினும் பல்சக்கரமும் சேர்ற இடத்துல குழந்தை விரல் போகாத அளவுக்கு வலை கட்டுங்க.

எவ்வளவு நாள் உழைக்கும்?

பார்த்துக்கற வரைக்கும். கொக்கோட சைக்கிள் ட்யூப் பட்டை ஆறேழு மாசத்துல வெடிப்பு விட்டுடும், அதனால வெட்டி வெச்ச பட்டைங்க நாலு, ரெட்டை நட்டு ஒரு பிடி, பித்தளை வாஷர், ஒரு உபரி வைப்பர் மோட்டார் எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு சிற்பத்தோட அடியிலயே கட்டி வெச்சிருக்கேன். எந்த ஊருக்குப் போனாலும் அந்த டின் கூடவே போகும், மூடிக்குள்ள பக்கத்துல எண்ணெய் விட்ட தேதியை ஒவ்வொரு தடவையும் ஆணியால கீறி வெப்பேன், இப்போ கீறறதுக்கு இடம் இல்லாம டின்னோட வெளிப்பக்கத்துக்கு வந்தாச்சு.